கையுறை போட்டுச் சீட்டு எடுத்த நாள்

சட்டக் கல்லூரியில் சோரானா பெய்ச்சிச்சைப் பிடிக்கும் என்று சொல்ல ஆள் தேடினால் இரண்டு பேர் கிடைப்பார்கள். ஒருத்தி அவளுடைய விடுதி அறைத் தோழி நெதா. இன்னொருவர் வாசலில் இறைச்சி அப்பம் விற்கும் கிழவர். அவர் இதுவரை யாரையுமே பிடிக்காது என்று சொன்னதில்லை. மற்றவர்களுக்கு அவள் 'அந்தக் குருட்டுச் சண்டைக்காரி'. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். நாலடி தள்ளிப் போய்ச் சொல்வார்கள். நாலடி தூரத்தில் பேசுவது அவளுக்குக் கேட்கும் என்பது ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பிரோத் ஊரில் குறைமாதத்தில் பிறந்தவள். கண் பார்வை அப்போதே போய்விட்டது. அப்பா பஸ் ஓட்டுநர், அம்மாவுக்கு டயர் தொழிற்சாலையில் வேலை. ஆறு வயதில் வீட்டுப் புனிதரின் திருநாளுக்கு வந்த பாதிரியார் அவள் தலையில் கை வைத்து, "பாவம், கடவுளோட சோதனை" என்றபோது, "கையை எடுங்க, வெங்காய நாத்தம்" என்று சொன்னவள். அந்த வருடம் பாதிரியார் அந்த வீட்டில் சாப்பிடாமலே போனார். ஏழு வயதில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, பார்வையற்றோர் பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு தடவை கேட்டால் எதுவும் கிடைக்காது, மூன்று தடவை கேட்டால் திட்டாவது கிடைக்கும் என்று அங்கே தெரிந்துகொண்டாள். பத்தொன்பது வயதில் சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள்.

"கண்ணு தெரியாம வக்கீலா?" என்றார் அப்பா.

"வாயால பேசுறதுக்குக் கண்ணு எதுக்குப்பா?"

சேர்ந்துவிட்டாள். ரோமானியச் சட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

அது முதலாண்டுப் பாடம். அதில் தேறாமல் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது. சோரானா இரண்டு தடவை தேர்வுக்கு நின்று இரண்டு தடவையும் ஐந்து வாங்கியிருந்தாள். ஐந்து என்றால் தோல்வி. ஆறிலிருந்துதான் தேர்ச்சி, பத்து உச்சம். வருகிற செப்டம்பர்த் தேர்வு கடைசி. அதிலும் போனால் அரசு இடம் போகும், விடுதி போகும். பிரோத்தில் அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்: ஊர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கிற வேலை. பார்வையில்லாதவர்களுக்கு என்றே காலங்காலமாக ஒதுக்கிய நாற்காலி. இப்போது அதில் இருந்தவர் புத்தாண்டோடு ஓய்வு பெறுகிறார். "நல்ல வேலைம்மா, குளிர்காலத்துல கணகணன்னு இருக்கும்" என்று அப்பா போனில் சொல்லும்போதெல்லாம் சோரானா வேறு பேச்சுக்குத் தாவினாள்.

தேர்வு வாய்மொழிதான். பேராசிரியர் கிதானோவிச்சின் மேஜையில் பச்சைத் துணி விரித்து, எண்பது சீட்டுகளைக் குப்புறப் பரப்பியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண், மூன்று கேள்விகள். மாணவர் ஒன்றை உருவ வேண்டும், பத்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும், பிறகு எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். கதவு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது விதி. அதனால் கிதானோவிச் தேர்வு நாளில் தாழ்வாரம் சந்தைபோல இருக்கும்.

அந்தச் சீட்டுக் கட்டுக்கு வயது முப்பத்தொன்று. கிதானோவிச் இளைஞராக இருந்தபோது தட்டச்சு செய்தது. அத்தனை வருடத்து மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. பதினான்காம் சீட்டின் முதுகில் காபிக் கறை. இருபத்து மூன்றில் சிகரெட் சுட்ட புள்ளி. நாற்பதின் மூலையில் பல் பதிந்திருக்கும். நகல் கடையில் எண்பது சீட்டின் கேள்விகளும் பட்டியலாகக் கிடைக்கும்; எந்தக் கறை எந்தச் சீட்டு என்பது மட்டும் வாய்வழியாக வந்தது. சுமாரான மாணவன் ஐந்தாறு கறைகளைப் படித்துக்கொண்டு போனால் போதும். கிதானோவிச்சுக்குத் தடித்த கண்ணாடி. அவர் எதையும் பார்த்ததில்லை.

சோரானாவுக்குக் கறை உதவாது. அவளுக்காக உதவியாளர் ஒக்னியென்தான் சீட்டை எடுத்தான், அவனே வாசித்தான். முதல் தடவை தோற்று வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் யாரோ சொன்னார்கள்: "பார்த்தியா, முதல்ல எடுத்ததைத் திரும்ப வெச்சுட்டு வேற எடுத்தான்." உண்மையா, வம்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இரண்டாம் தடவை ஒக்னியென் கேள்வியில் பாதியை விழுங்கினான். திரும்ப வாசிக்கச் சொன்னாள். வேறு மாதிரி வாசித்தான்.

அன்றைக்கு முடிவு செய்தாள். என் சீட்டை நான் எடுப்பேன், நானே வாசிப்பேன். பிரெயில் எழுத்தில் எனக்கு ஒரு கட்டு வேண்டும்.

ஒன்றரை வருடத்தில் ஐந்து மனுக்கள்; ஒன்று பாட ஒலிப்பதிவு கேட்டு, மற்றதெல்லாம் இந்தக் கட்டுக்காக. அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வெர்காவுக்கு அவள் கைத்தடிச் சத்தம் கேட்டாலே தலைவலி வரும்.

"மறுபடியும் நீயா?"

"நாலாவது மனுவுக்குப் பதில் வந்துதா?"

"மூணாவதுக்கே வரலையேம்மா."

"அப்போ இது அஞ்சாவது. முத்திரை குத்தி நகல் குடுங்க."

"ஏம்மா, உனக்கு வாசிச்சுக் காட்டத்தான் ஒரு ஆளையே போட்டிருக்கோமே? இன்னும் என்ன, பல்லக்கு வேணுமா?"

"பல்லக்கு வேண்டாம். முத்திரை போதும்."

கடைசியில் கேள்விப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அவளே பார்வையற்றோர் நூலகத்துக்குப் போனாள். அவர்கள் தடித்த தாளில் எண்பது சீட்டும் அடித்துக் கொடுத்தார்கள். சட்டப்படி தேர்வுச் சீட்டில் கல்லூரி முத்திரை இருக்க வேண்டும். வெர்கா முனகிக்கொண்டே எண்பது தடவை குத்தினாள். அந்தச் சீட்டுகளில் மையால் ஓர் எழுத்துக்கூட இல்லை, எண்கூட இல்லை என்பதை நூலகத்தில் யாரும் யோசிக்கவில்லை, பார்வையில்லாத பெண்ணுக்குத்தானே என்று விட்டுவிட்டார்கள். வெர்காவும் யோசிக்கவில்லை. சோரானாவும் யோசிக்கவில்லை.

செப்டம்பர் பதினாறு. வெயில் இன்னும் குறையவில்லை. முப்பத்தெட்டுப் பேர் தேர்வுக்கு, அதற்கு மேல் வேடிக்கை பார்க்க. பச்சைத் துணியில் பழைய கட்டு. பக்கத்துச் சின்ன மேஜையில் சோரானாவுக்கான புதிய கட்டு. கிதானோவிச் அகரவரிசைப் பட்டியலைத் திறப்பதற்குள் வூகஷின் எழுந்தான். நல்ல குரல் உள்ளவன், மாணவர் சங்கத்தில் ஏதோ பதவி. அவனுக்கும் இது மூன்றாம் தடவை.

"புரொஃபசர், ஒரு சந்தேகம். அந்தச் சீட்டுல புள்ளி மேடா இருக்கு. அவ விரலால தடவித் தனக்குத் தெரிஞ்ச கேள்வியைப் பொறுக்கிக்கலாம் இல்லையா? நாங்க குப்புறக் கிடக்குறதை எடுக்கறோம். அவ வாசிச்சுப் பார்த்து எடுப்பா. இது எந்த ஊர் நியாயம்?"

தாழ்வாரம் கைதட்டியது. கிதானோவிச் ஒரு சீட்டை எடுத்துத் தன் விரலால் தடவிப் பார்த்தார். பின்பக்கமும் தடவினார்.

"உண்மைதான். அம்மணி, என்ன சொல்றீங்க?"

"வேற யாராவது கலைச்சு என் கையில ஒண்ணு குடுக்கட்டும், புரொஃபசர்."

"சீட்டை மாணவர்தான் எடுக்கணும். நீங்களே திரும்பத் திரும்ப எழுதிக் குடுத்தது அதுதானே?" அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். இரண்டு நிமிடம் உருட்டும் சத்தம். நாப்தலின் வாசனை அவளுக்கு முதலில் வந்தது, பிறகு மேஜையில் ஏதோ பொத்தென்று விழுந்தது. தோல் கையுறை. உள்ளே ஆட்டு ரோமம் வைத்தது, அவர் குளிர்காலத்தில் போடுவது.

"இதைப் போட்டுக்கிட்டு எடுங்க. எடுத்தப்புறம் கழட்டிட்டு வாசிங்க."

சிரிப்பு கதவிலிருந்து படிக்கட்டு வரை போனது. "பனிச்சறுக்குக்கும் கூட்டிட்டுப் போங்க புரொஃபசர்!" என்று யாரோ கத்தினார்கள். நெதா அவள் காதோரம், "வா, வெளிய போயிடலாம்" என்றாள். சோரானாவின் முகம் கழுத்து வரை சூடேறியது. வெளியே போனால் டெலிபோன் நாற்காலி. அவள் நகரவில்லை.

"போட்டுக்கறேன்," என்றாள். "ஆனா அவங்க எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு எடுக்கட்டும்."

"எதுக்கு?"

"உங்க பதினாலாம் சீட்டு முதுகுல காபிக் கறை, புரொஃபசர். இருபத்தி மூணுல சிகரெட் சுட்டிருக்கு. நாப்பதுல எவனோ பல்லால கடிச்சு வெச்சிருக்கான். அறுபத்தஞ்சுல உதட்டுச் சாயம். இன்னும் சொல்லணுமா? நான் விரலால வாசிப்பேனாம். இவங்க முப்பது வருஷமா கண்ணால வாசிக்கறாங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: "சனியனே."

கிதானோவிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சீட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பதினான்கு. இருபத்து மூன்று. அவளே சொல்லாத எட்டு, ஐம்பத்திரண்டு, எழுபது. முப்பத்தொரு வருடம் அவர் கொடுத்த மதிப்பெண்கள் அந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக அழுக்காகிக்கொண்டே வந்தன. எண்பதையும் பார்த்து முடித்ததும் கட்டைச் சேர்த்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"இன்னைக்கு எல்லாரும் அந்தக் கட்டுலருந்துதான். எல்லாரும் கையுறையோட."

"புரொஃபசர்," ஒக்னியென் மெதுவாகச் சொன்னான், "அதுல மையில ஒண்ணுமே எழுதலை. யாராலயும் வாசிக்க முடியாது. தாள்ல எண் எழுதித் தொப்பியில போட்டு..."

"தொப்பியா? இது லாட்டரிக் கடையா? முத்திரை குத்தின கட்டுலருந்துதான் எடுக்கணும். முத்திரை குத்தின கட்டு ரெண்டு. ஒண்ணை நான் பூட்டிட்டேன்." அவர் சோரானா பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் தயவு இல்லை. "வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தர்தான். அம்மணி எனக்குப் பக்கத்துல உக்காருங்க. எல்லாருக்கும் வாசிங்க. உங்க தேர்வு கடைசியில."

அப்படித்தான் அன்று காலை ஒன்பதரை மணிக்கு, அந்த அறையில் அவளை வெறுத்த முப்பத்தேழு பேரின் கேள்விகள் சோரானா பெய்ச்சிச்சின் விரல் நுனிக்கு வந்தன.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஆட்டு ரோமக் கையுறையை இழுத்து மாட்டினார்கள், ஒரு சீட்டை உருவினார்கள், அவள் முன் வைத்தார்கள். சிலர் எறிந்தார்கள். அவள் எண்ணை வாசித்தாள், மூன்று கேள்விகளை வாசித்தாள், ஒக்னியென் குறித்துக்கொண்டான்.

"சீட்டு முப்பத்தொன்பது. ஒன்று: காப்பாளரின் கடமைகள். இரண்டு: திருட்டினால் வரும் பொறுப்பு. மூன்று: அண்டை வீட்டுச் சுவர் மீதான உரிமை."

"உண்மையாவே அதுதான் இருக்கா?"

"இல்ல, சமையல் குறிப்பு இருக்கு. அடுத்து யாரு?"

ஏழாவது ஆள் தோற்றான். பன்னிரண்டாவது ஆள் தோற்றாள். கறையை மட்டும் படித்து வந்தவர்கள் வரிசையாக விழுந்தார்கள். ஒவ்வொரு ஐந்துக்கும் தாழ்வாரத்தில் அவள் பெயர்தான் அடிபட்டது. எண்பதும் அவளுக்கு மனப்பாடம், எதையாவது எடுத்துவிடுகிறாள், பிடிக்காதவனுக்குக் கஷ்டமானது, அவ்வளவுதான் விஷயம். யாரோ அவள் கைத்தடியைக் காலால் தள்ளிவிட்டார்கள். அது மேஜைக்கு அடியில் உருண்டது. அவள் குனிந்து தேடவில்லை.

வூகஷின் வந்தான். எடுத்தான்.

"சீட்டு அறுபத்தொன்று. ஒன்று: அனுபவப் பாத்தியதையின் பாதுகாப்பு. இரண்டு..."

"நிறுத்து. இது நீயா சொல்றது. அறுபத்தொண்ணுதான் இருக்கறதுலயே கஷ்டமானது, அது எனக்கு வருதா? புரொஃபசர், எங்க கேள்வியை எங்க எதிரி வாசிக்கறா. இதுக்கு என்ன சாட்சி?"

ஒரு நொடி சோரானாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இரண்டு தடவை இதே மேஜையில் அவள் நினைத்ததைத்தான் அவன் வாய்விட்டுச் சொல்கிறான்.

கிதானோவிச், வாசித்து முடித்த சீட்டுகளிலிருந்து நடுவில் ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தார். "இதை வாசிங்க."

"இது காலையில மூணாவதா வந்த பொண்ணுது. எண் ரெண்டு. அடிமை விடுதலை, தத்தெடுப்பு, வாய்மொழி ஒப்பந்தம்."

ஒக்னியென் குறிப்பைப் பார்த்தான். "சரிதான்."

இன்னொன்று. "எழுபத்தாறு." சரி. இன்னொன்றைத் தலைகீழாக வைத்தார். அவள் திருப்பி வைத்து வாசித்தாள். சரி. நாலாவதாக, யாரும் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பேச்சு வராதபடி ஒக்னியெனை வெளியே அனுப்பிவிட்டு அறுபத்தொன்றையே இரண்டு சீட்டுக்கு நடுவில் செருகிக் கொடுத்தார். அவள் மூன்றையும் வாசித்தாள். அவர் தன் கேள்விப் பட்டியலோடு ஒப்பிட்டார், வார்த்தை பிசகவில்லை.

"உக்காருங்க, பத்து நிமிஷம் யோசிங்க" என்றார் கிதானோவிச், வூகஷினிடம்.

வூகஷினுக்கு ஐந்து.

மூன்றே கால் மணிக்கு அவள் முறை. தொண்டை வறண்டிருந்தது. முப்பத்தேழு பேரின் கை போய் வந்த கையுறை உள்ளே நனைந்து கனத்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. தாழ்வாரம் உள்ளே வந்துவிட்டது. மூச்சுக் காற்று பிடரியில் படும் அளவுக்கு நெருங்கி நின்றார்கள். ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. அவள் சீட்டுகளின் மேல் கைவைத்தாள். தோலுக்கு அடியில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஒன்றை இழுத்தாள். கையுறையைக் கழற்றினாள்.

சீட்டு ஐம்பத்தெட்டு. முதல் கேள்வி தெரியும். இரண்டாவது நன்றாகவே தெரியும். மூன்றாவது, வாரிசில்லாத சொத்து. நெதா அந்தப் பக்கங்களை அவளுக்காக வாசித்துத் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தபோது சளி பிடித்துக் குரல் போய்விட்டது. அந்த அத்தியாயம் பாதியோடு நின்றது. அவளிடம் இருந்ததும் பாதிதான்.

விரல் மூன்றாவது கேள்வியின் மேல் நின்றது. இந்த அறையில் இதை வாசிக்க வேறு யாருமில்லை. ஐம்பத்தெட்டு என்பதற்குப் பதிலாக ஐம்பது என்று சொல்லலாம். ஐம்பதின் மூன்று கேள்விகளும் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். கிதானோவிச்சின் கேள்விப் பட்டியலோடும் பொருந்தும். பிடரியில் மூச்சுவிடுகிற அத்தனை பேரும் அவள் அப்படித்தான் செய்வாள் என்று தீர்மானித்துத்தான் நிற்கிறார்கள். தாங்களாக இருந்தால் செய்திருப்பார்கள்.

அந்த நினைப்புத்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நேர்மை, கீர்மை என்று பிற்பாடு நெதா சொன்னபோது அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனுங்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் குடுக்கக் கூடாதுன்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

"சீட்டு ஐம்பத்தெட்டு," என்றாள் உரக்க. மூன்றையும் வாசித்தாள். சீட்டைக் கிதானோவிச்சிடம் நீட்டினாள். "இதுல கையெழுத்துப் போடுங்க, புரொஃபசர். தேதியோட. வாசிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வந்து எப்போ வேணா சரிபாருங்க."

பேனா தடித்த தாளில் கீறும் சத்தம் கேட்டது.

பத்து நிமிடம் வேண்டாம் என்று உடனே பேச ஆரம்பித்தாள். முதல் கேள்விக்கு அவர் குறுக்கிடவில்லை. இரண்டாவதற்கு இரண்டு இடத்தில் மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. மூன்றாவதில் தெரிந்த பாதியைச் சொன்னாள். அதற்கு மேல், "இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதா?"

"அந்த அத்தியாயம் எனக்குப் பாதிதான் கிடைச்சுது. நீங்க ஒலிப்பதிவு குடுக்கறதில்ல. அது என் ரெண்டாவது மனு."

பின்னால் யாரோ "ஐந்து, ஐந்து" என்று முணுமுணுத்தார்கள்.

"ரெண்டு கேள்விக்கு ஒன்பது குடுத்திருப்பேன்," என்றார் கிதானோவிச். "மூணாவதுக்கு அஞ்சுதான். இன்னைக்கு என் முப்பத்தொரு வருஷத்தை இத்தனை பேர் முன்னாடி கேவலப்படுத்தினீங்க, அம்மணி. அதுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆறு. வேணும்னா எடுத்துக்கோங்க, வேண்டாம்னா ஜனவரியில வாங்க."

ஜனவரியில் அவளுக்கு இடம் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். எட்டு மதிப்பெண்ணாவது வந்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மதிப்பெண் புத்தகத்தைத் திறந்து மேஜையில் தள்ளினாள்.

"எழுதுங்க."

எழுதினார். அவள் தரையில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் கைவிட்டுத் தன் தடியைத் தேடி எடுத்தாள். யாரும் குனியவில்லை. வெளியே வந்ததும் முதலில் அப்பாவுக்குப் போன் செய்தாள். "ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட வேற ஆளைப் பார்க்கச் சொல்லுங்கப்பா." "எவ்வளவு வாங்கினே?" என்றார் அப்பா. "ஆறு" என்றாள். "ஆறா?" என்றார், அதுதான் கவலை என்பதுபோல.

அடுத்த திங்கட்கிழமை வூகஷின் தாழ்வாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். அன்று தோற்ற இருபத்திரண்டு பேரும் போட்டுவிட்டார்கள், தேறியவர்களில் பத்துப் பேரும். தேர்வை ரத்து செய்ய வேண்டும். தன் கேள்வியைத் தன்னால் வாசிக்க முடியாமல், இன்னொருவர் வாயை நம்பிப் பதில் சொல்ல வைத்தது மாணவர் கண்ணியத்துக்கு இழுக்கு. மனுவை உரக்க வாசித்தே கையெழுத்துக் கேட்டான். கைத்தடிச் சத்தம் வந்ததும் நிறுத்தினான். பிறகு, சங்கப் பதவிக்காரன் அல்லவா, அவளையும் விடவில்லை.

"நீயும் போடலாமே. உனக்கும் ஆறுதானே குடுத்தாரு. தேர்வு ரத்தாச்சுன்னா உனக்கும் நல்லது. எங்கே போடணும்னு நான் விரலை வெச்சுக் காட்டறேன்."

"எதுக்குன்னு மனுவுல இருக்கு?"

"நம்ம கேள்வியை நாமளே வாசிக்க முடியலன்னு."

"எனக்கு அந்தக் குறை இல்லையேப்பா," என்றாள் சோரானா. "என் சீட்டை நான்தான் வாசிச்சேன்."

தேர்வு ரத்தாகவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது, கல்லூரித் தலைவரின் கையெழுத்தோடு: இனி எல்லாத் தேர்வுச் சீட்டுகளும் மையிலும் பிரெயிலிலும் சேர்ந்தே அச்சாகும், ஒவ்வொன்றும் தனி உறையில் இருக்கும். அறிவிப்புப் பலகையில் நெதா அதை வாசித்துக் காட்டியபோது சோரானா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மூணு வாரமா? எத்தனை மனு குடுத்தாங்க?"

"ஒண்ணு."

சோரானா திரும்பி வெர்காவின் கண்ணாடியை நோக்கி நடந்தாள். ஒலிப்பதிவு பற்றிய ஆறாவது மனு பையில் இருந்தது.